முன்சீட்டு அப்பாவுக்கு

திருவண்ணாமலை
மார்கழி, 1986

அன்புள்ள சிரஞ்சீவி தேவகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது.

அருகப் பெருமான் கருணையால் இங்கே அப்பாவின் இடுப்பு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், இல்லையென்றாலும் நீ எழுதப்போவதில்லை, உங்கள் வம்சத்து ஆண்களுக்கு வலிக்கிறது என்ற சொல் வாயில் வராது என்பது எனக்குத் தெரியாதா. உன் கடிதம் வந்தது. அப்பாவின் முதுகுக்கு எந்தக் கார் சௌகரியம் என்று பார்த்து உடனே எழுதுங்கள், மெட்ராஸில் என் சிநேகிதன் ராஜேந்திரன் பேசி முடித்துவிடுவான், தங்கை ஜெயந்தி கல்யாணத்துக்கு நானும் வந்துவிடுவேன், அப்பா அந்தக் காரில்தான் வந்தவாசிக்குப் போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே தேவு. என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்தேன். நடுவில் உன் அப்பா வேறு, காரே வேணாம்னு எழுதிடு, என் ஜாதகத்துல கார் இல்லன்னு எழுதிடு என்று தினம் காபி குடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், எரிச்சல் படாமல் கடைசிவரை படி.

சித்திரையில் கீழ்பென்னாத்தூர் சித்தப்பா களத்தில் அப்பா, ஆள் வரும்வரை பொறுக்க மாட்டாமல், நான் இருக்கறப்போ ஆள் என்னாத்துக்குன்னு கடலை மூட்டையைத் தூக்கினாரே, அன்றைக்குப் பிடித்த பிடி இன்னும் விட்டபாடில்லை. ஐப்பசி மழையில் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த டாக்டர் முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று பெல்ட் கொடுத்தார். பஸ் பக்கமே போகக்கூடாது, காரில் போகலாம், ஆனால் குனிந்து வளைந்து நுழைகிற கார் வேண்டாம், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறி நிற்கக்கூடாது, சீட்டு மெத்தென்று அமுங்காமல் கெட்டியாக இருக்கவேண்டும், இடுப்புக்குப் பின்னால் ஒரு தாங்கல் வேண்டும், வழியில் நிறுத்தி இறங்கி நாலு எட்டு நடக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான் எல்லாவற்றையும் தோத்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, அவர் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி சைக்கிள் எப்போது ஓட்டலாம் என்பது. இப்போது தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசியில் மண்டபம் பார்த்துவிட்டார்கள். சேத்துப்பட்டு வழியாகப் போகிற ரோடு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே போய் இறங்கி, மணையில் உட்கார்ந்து, ஜெயந்தி கையைப் பிடித்து அவர் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். எனக்கு இருக்கிற கவலை அது ஒன்றுதான் தேவு, அவர் போய்ச் சேருவாரா, சேர்ந்தால் உட்காருவாரா. மற்றக் கவலையெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, எந்தக் கார் என்று பார்ப்போம் என்று கிளம்பினோம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது, உட்கார்ந்து பார்க்காமல் காசைக் கொட்டக்கூடாது என்பது என் கட்சி. ஊரில் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாரிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். முதலில் ஜவுளிக்கடை ராமகிருஷ்ணன் புது மாருதியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். என்ன அழகு, சிவப்பாகச் செப்பு மாதிரி. அப்பா உள்ளே போனது சுலபம், பள்ளத்தில் இறங்குகிற மாதிரி போய்விட்டார். வெளியே வருவதற்குத்தான் ராமகிருஷ்ணன் ஒரு கையும் நான் ஒரு கையும் பிடிக்கவேண்டியதாயிற்று. நம்ம வீட்டு ஆள் உயரத்துக்கு அது தாழ்வு, அந்தக் கார் மேல் குற்றமில்லை. எப்படி இருந்தது என்று கேட்டால், வண்டி அழகா இருக்குது, கலர்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்கிறார். முதுகைக் கேட்டால் கலரைச் சொல்கிற மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன் சொல். அப்புறம் வக்கீல் வீட்டு பியட். அதில் ஏறி இறங்கப் பரவாயில்லை, ஆனால் அந்த வண்டியில் சீட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து போயிருந்தது, பழைய கயிற்றுக் கட்டிலில் படுத்தவர் மாதிரி எழுந்து வந்தார். அதற்கும் நல்லாத்தான் இருக்குது என்றுதான் சொன்னார். அவர் வாயை நம்பிப் பிரயோசனமில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். காரை விட்டு இறங்கியதும் இடது கையை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பேன். இடுப்புக்குப் போனால் வலி, வேட்டியைச் சரி பண்ணினால் வலியில்லை.

கடைசியில் தேரடி டாக்சி ஸ்டாண்டு முருகையனின் அம்பாசிடர். வேலூருக்கு நாங்கள் போனதும் அதில்தான். நம் கூடத்து நாற்காலி உயரம் சீட்டு, கதவு அகலம், தலை குனியவேண்டாம். வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், வேட்டியைச் சரி பண்ணினார். எனக்கு அப்படியே உயிர் வந்தது. சரி, நின்ற வண்டியில் உட்கார்ந்தால் போதுமா, ஓடுகிற வண்டியிலும் பார்ப்போம், முதல் பத்திரிகையைக் கீழ்பென்னாத்தூருக்குப் போய் சித்தப்பாவுக்குக் கொடுத்தது போலவும் ஆயிற்று என்று கிளம்பினோம். போளூரிலிருந்து உன் அக்கா சுநந்தாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மூத்த மாப்பிள்ளை இல்லாமல் பத்திரிகை கொடுக்கப் போகமுடியுமா. காரில் எப்படி ஏறுவது என்பதை யாரும் யோசிக்கக்கூட இல்லை, மாப்பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில், நாங்கள் மூன்று பேரும் பின்னால். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. முதுகுக்கு வைக்கத் தலையணை எடுத்துக்கொண்டு வந்தேன், மாப்ள முன்னாடி தலகாணி வச்சிகினு குந்தச் சொல்றியா என்று அப்பா அதைத் திண்ணையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார். போகும்போது பேசிக்கொண்டே வந்தார். சித்தப்பா வீட்டில் பேச்சு நீண்டுபோய், பொழுது சாயறதுக்குள்ள ஊடு போய் சாப்டணும், இருட்டிட்டா நாங்க ஜைனருங்க சாப்ட மாட்டோம், கொஞ்சம் அழுத்துப்பா என்று முருகையனிடம் சொன்னதும் அவர்தான். முருகையன் அழுத்தினான். ஒவ்வொரு சிறு பாலத்திலும் பின்சீட்டு எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் நாலு பேர் எதிரில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து இறங்கும்போது வெளிச்சம் இருந்தது, இலை போட்டேன், அவர் சாப்பிட உட்காரவில்லை. நேரே போய்ப் படுத்தவர்தான். மறுநாளும் எழுந்திருக்கவில்லை, அதற்கு மறுநாளும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஐயோ, நான் பட்ட பாடு உனக்கு எழுதி மாளாது. தவிட்டு ஒத்தடம், எண்ணெய், மாத்திரை எல்லாம் ஆயிற்று. விசாரிக்க வந்த சித்தப்பாவிடம், அப்பாண்டைராஜ், நீயும் உன் பொண்டாட்டியுமா மணையில குந்தி தாரை வார்த்துடுங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன் என்று சொன்னார், வெற்றிலை எடுத்துக் கொடுப்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஜெயந்தி சமையல் கட்டில் இருந்தாள், அவளுக்கும் கேட்டுவிட்டது. காரே வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னது அதற்கு அப்புறம்தான். அம்பாசிடரே ஒத்துக்கல, இனிமே எது ஒத்துக்கும் என்கிறார். நானும் பேனாவை எடுத்தேன், வேண்டாம் என்று எழுதத்தான் எடுத்தேன்.

எழுதப்போகும்போது ஒன்று உறுத்தியது. வேலூர் கீழ்பென்னாத்தூரைப் போல எத்தனையோ மடங்கு தூரம். அதே முருகையன், அதே வண்டி, மழையில் ரோடு வேறு பாழ். அன்றைக்கு வேங்கிக்கால் ஏரிக்கரை வந்ததும், நிறுத்து, ஏரி ரொம்பிடுச்சா பாக்கலாம்னு தானே இறங்கி நின்றார், வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். அப்படியென்றால் தூரத்தில் போன அன்றைக்கு வராத வலி பக்கத்தில் போன அன்றைக்கு ஏன் வந்தது. முருகையன் அழுத்தினதால் என்று நினைத்தேன், ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாரே. அப்போதுதான் தேவு எனக்குச் சுரீரென்றது. வேலூருக்குப் போனபோது மாப்பிள்ளை வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான், அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்! பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காராதே, தூக்கிப் போடும் என்று உனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மாட்டு வண்டியில் கடைக்கோடியில் உட்கார்ந்தவன் பாடு ஊருக்கே தெரியும். கார் என்றதும் எல்லாருக்கும் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ. எந்தக் கார் எந்தக் கார் என்று தெருத்தெருவாகக் கேட்டேனே, எந்த சீட்டு என்று ஒருவரும் கேட்கவில்லையே.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன், என் மேல்தான் பாய்ந்தார். மாப்ளய பின்னாடி குந்தவச்சிட்டு நான் முன்னாடி குந்தினு போறதா, ஊரு என்னா பேசும், கல்யாணத்துக்குப் போற ஊட்ல பெரிய மாப்ளைக்கு மதிப்பு இல்லன்னு சம்பந்தி ஊட்டார் நெனைக்க மாட்டாங்களா என்றார். ஊரைப் பற்றி உமக்கு இருக்கிற கவலை பெற்ற பெண்ணைப் பற்றி இல்லையா என்று நானும் கத்திவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு வளையாது, பிடிவாதமும் வளையாது. பெண்ணுக்குத் தாரை வார்க்காமல் வீட்டில் கிடப்பாராம், ஆனால் முன்சீட்டில் உட்கார மாட்டாராம். எனக்கு வந்த அழுகையில் இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை. மாப்பிள்ளையிடம் நான் எப்படிப் பேசுவது, மாமியார் போய் நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்று சொல்லுகிற வழக்கம் எங்கே இருக்கிறது. சுநந்தாவிடம் சொன்னேன், அவள் அவர் காதில் போட்டிருக்கிறாள்.

நம்ம மூத்த மாப்பிள்ளை சாந்திகுமாரிடம் மாப்பிள்ளை முறுக்கு கிடையாது, அதை நாம்தான் அவருக்கு வம்படியாகக் கட்டிவிட்டிருக்கிறோம் என்பது போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மாப்பிள்ளையே முருகையன் வண்டியோடு காலையிலேயே வந்து இறங்கினார். எல்லாரையும் கிளம்பச் சொன்னார். வாசலில் பின்கதவைத் திறந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, முன்னாடி வெயில் மூஞ்சியில அடிக்குது மாமா, நீங்க முன்னாடி வாங்க என்றார். மார்கழிக் காலை, மலை உச்சியில் பனிகூட விலகவில்லை, எந்த வெயில்! உன் அப்பாவும் சளைத்தவரா, அப்போ வெயில் தாழ்ந்ததும் போலாம் மாப்ள என்று வாசற்படியிலேயே நின்றுகொண்டார். இவர் ஏற மாட்டேன் என்கிறார், அவர் இறங்க மாட்டேன் என்கிறார், முருகையன் பாவம் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தான். எதிர்வீட்டு வெள்ளையம்மாள் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இன்னாம்மா, மாப்ள கோவிச்சிகினு பின்னாடி குந்திகினாரா என்று கேட்டேவிட்டாள். அவ்வளவுதான், அப்பா முகம் செத்துப்போயிற்று. இதுக்குத்தான் சொன்னேன் என்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். அப்போது ஜெயந்தி வந்து நிலைப்படியில் நின்றாள். உனக்குத் தெரியுமே, அவள் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். தெருவே கேட்கிற மாதிரி, அப்பா, தாரை வார்க்க நீங்க வரலன்னா நானும் மணையில குந்த மாட்டேன், வேணும்னா சித்தப்பாவே போய் மாலை மாத்திக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். வெள்ளையம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக இறங்கிப் போய், முன்கதவைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். தலையணையை நான் கொடுத்தேன், வாங்கி முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

அவலூர்ப்பேட்டை வரை போனோம். இரண்டு இடத்தில் நிறுத்தி நடக்க வைத்தோம், முருகையனை அழுத்தக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். பின்சீட்டில் மாப்பிள்ளையை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கிப் போட்டது, அவர் சுநந்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா இறங்கினார், நான் அவர் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியைச் சரி பண்ணினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தார், கூட்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வலியே இல்லை என்று பொய் எழுத மாட்டேன், அன்றைக்கு ஒத்தடம் கொடுக்கவேண்டித்தான் இருந்தது, ஆனால் மறுநாள் தானாக எழுந்து குளித்தார். சித்தப்பாவுக்கு, தாரையை நானே வார்க்கிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஆகவே அம்பாசிடர்தான், முடிவு. ராஜேந்திரனுக்கு எழுதும்போது இதையெல்லாம் சொல்லு. ஓடின வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, முன்சீட்டு குழிந்திருக்கக்கூடாது, ஸ்பிரிங் இறங்கியிருக்கக்கூடாது, கதவு முழுசாகத் திறக்கவேண்டும். பளபளப்பைப் பார்த்து ஏமாறவேண்டாம். தார்ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மேடு பள்ளத்தில் முன்னாலும் பின்னாலும் அவனே உட்கார்ந்து பார்க்கட்டும். கலர் வெள்ளையாக இருக்கட்டும் என்பது அப்பாவின் உத்தரவு, வேண்டாம் வேண்டாம் என்றவர் இப்போது கலர் சொல்கிறார், அந்த மட்டில் சந்தோஷம். நீயும் அங்கே நாள் முழுக்க ஜீப்பில் பாலைவனத்தில் சுற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், இடுப்புக்குத் துண்டை மடித்து வைத்துக்கொள், கனமானதைத் தூக்காதே, நான் இருக்கறப்போ ஆள் என்னாத்துக்கு என்கிற பேச்சு உனக்கு வேண்டாம். வேலை ஜாஸ்தி என்று இருட்டின பிறகு சாப்பிடுகிற பழக்கம் வந்துவிடப் போகிறது, பொழுதோடு சாப்பிடு, முடியாத நாளில் பாலும் பழமுமாவது வெளிச்சத்திலேயே முடித்துக்கொள்.

உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும், தீர்க்காயுசாக இரு, பகவான் உன்னை வழியில் காக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. நேற்று சாப்பிடும்போது அப்பா சொல்கிறார், அன்னிக்கு ஜெயந்திக்காகக் குந்தினேன், அதுக்காக எப்பவுமா, தேவு வந்தா அவன்தான் முன்னாடி, சம்பாதிச்சி வாங்கினவனைப் பின்னாடி குந்தவச்சி நான் ராஜா மாதிரி போறதா என்று. நான் சொன்னால் கேட்கமாட்டார், ஜெயந்தியும் தினம் தெருவில் நின்று அழமுடியாது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு உனக்காக அவரே முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், வாடா, குந்துடா என்று கூப்பிடுவார். எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிற அப்பா, அவர் ஆசையாகத் திறந்த கதவை வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனசு வராது. வரவழைத்துக்கொள் தேவு. அவரை உட்காரவைத்து, நீயே அந்தக் கதவைச் சாத்திவிட்டு, பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள். வந்தவாசி வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நாம் இரண்டு பேரும் போகலாம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
ஜி. கனகமாலா